இரண்டாவது ஆட்டக்காரி

“நீ வாயை மூடிக்கிட்டு இருந்தா எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கும், ஹில்டா.” இதைத்தான் சொன்னார், ஒரு சொல் நான் கூட்டவில்லை, குறைக்கவில்லை. சொல்லிவிட்டு மடிக்கணினியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு படுக்கையறைக்குள் போனவர் தாழ்ப்பாளையும் போட்டுக்கொண்டார். தாழ்ப்பாள் எதற்கு? நான் என்ன உள்ளே பாய்ந்து மைக்கையா பிடுங்கப் போகிறேன்? நானும் சும்மா விடவில்லை. “வாயை மூடுறதுக்குப் பன்னிரண்டு வருஷம் கன்னியாஸ்திரீங்ககிட்ட படிச்சாச்சு, உங்ககிட்ட வேற டியூஷன் வரணுமாக்கும்” என்று மூடின கதவைப் பார்த்துக் கத்தினேன். பதில் வரவில்லை. அதுதான் புதிது. பதிலுக்குப் பதில் வைக்காமல் இவர் ஒரு சண்டையையும் விட்டதில்லை. பேராசிரியர் இருதயராஜ் கடைசி வார்த்தையை இன்னொருவருக்கு விட்டுக்கொடுத்தார் என்று தெரிந்தால் பொருளாதாரத் துறையில் கொடியை அரைக்கம்பத்தில் இறக்கிவிடுவார்கள். இன்றைக்கு விட்டுவிட்டார். கதவுக்கு அந்தப் பக்கம் நாற்காலி இழுபடுகிற சத்தம், பிறகு மின்விசிறிச் சத்தம், அவ்வளவுதான். பதினோரு மணிக்கு வகுப்பு. விடுதியில் மஞ்சள் காமாலை பரவிப் பிள்ளைகளையெல்லாம் ஊருக்கு அனுப்பிவிட்டதால் இந்தக் கொஞ்ச நாளாக வகுப்பெல்லாம் இணையத்தில். பல்கலைக்கழகக் குடியிருப்பில் வீட்டுக்கு ஒரு படுக்கையறை வகுப்பறையாகிவிட்டது. எங்கே குக்கர் விசில் அடித்துவிடுமோ என்று பயந்து ஒவ்வொருத்தியும் பருப்பைத் திறந்த சட்டியில் வேகவைத்துக்கொண்டிருக்கிறாள். விசிலுக்குப் பயப்படுகிற அளவுக்கு என் வாழ்க்கை லேசாக இருந்தால் நான் மாதா கோயிலுக்கு நடந்தே போய் மெழுகுவர்த்தி கொளுத்துவேன். என் பயம் வேறு. அதற்குப் பெயர் இருக்கிறது, எனக்குத் தெரியும், மனசுக்குள்கூட அந்தப் பெயரைச் சொல்லிப் பார்ப்பதில்லை. சொல்லாமல் இருக்கிற வரைக்கும் அது வாசலுக்கு வெளியே நிற்கும், சொன்னால் உள்ளே வந்து உட்கார்ந்துகொள்ளும் என்று ஒரு எண்ணம். மடத்தனம்தான். வெளியே நிற்கிறது என்று யார் சொன்னது?

இவர் பாடம் எடுக்கிற முறை அப்படி, எந்த வகுப்பானாலும் காலையில் அடுக்களை மேசையில் முதலில் எனக்கு எடுத்தாக வேண்டும். கல்யாணமான புதிதில் கேம் தியரி என்றதும் கேரம்போர்டு சமாச்சாரம் என்று நினைத்து, இதற்கா மாமனார் வீட்டில் டாக்டர் டாக்டர் என்று தலையில் வைத்து ஆடினார்கள் என்று எரிச்சல்பட்டேன். இவர் விளக்கினார். ஒருத்தர் என்ன செய்வார் என்று யோசித்து இன்னொருத்தர் செய்கிற காரியம் எல்லாமே ஆட்டம்தான், மாமியாரும் மருமகளும் ஆட்டம்தான், பஸ்ஸில் ஜன்னல் சீட்டும் ஆட்டம்தான். “ஆட்டத்துக்கு ரெண்டு பேர் வேணும் ஹில்டா, தனியா ஆடினா அதுக்குப் பேர் வேற.” அப்படித்தான் நான் இரண்டாவது ஆட்டக்காரி ஆனேன். முதல் பருவத்துப் பிள்ளைகளுக்கு முதல் கணக்கு எந்த வருஷமும் மாறாது. தேர்வில் பிட்டு அடித்து மாட்டிக்கொண்ட இரண்டு பையன்கள். ஒருவனை டீன் அறையில் உட்காரவைக்கிறார்கள், இன்னொருவனை வார்டன் அறையில். இரண்டு பேரும் வாயைத் திறக்காவிட்டால் சாட்சி கிடையாது, அப்பாவைக் கூட்டிக்கொண்டு வா என்று திட்டி விட்டுவிடுவார்கள். ஒருவன் மட்டும் மற்றவனைக் காட்டிக்கொடுத்தால் சொன்னவனுக்குத் திட்டுகூடக் கிடையாது, சொல்லாதவனுக்கு வருஷம் போச்சு. இரண்டு பேரும் சொன்னால் ஆளுக்கு ஒரு பருவம் போச்சு. உப்பு ஜாடியை டீன் என்று வைப்பார், மிளகு டப்பாவை வார்டன் என்று வைப்பார், என்னைப் பார்த்து, “நீ ரெண்டாவது பையன். என்ன செய்வ?” என்பார். “காட்டிக்கொடுத்துடுவேன்” என்பேன். “ஏன்?” “அவன் சொன்னாலும் நான் சொல்றதுதான் எனக்கு நல்லது, சொல்லாட்டியும் நான் சொல்றதுதான் எனக்கு நல்லது.” “அவனும் அப்படித்தானே நினைப்பான்?” “நினைக்கட்டும், எனக்கென்ன.” இவர் மேசையில் தட்டிச் சிரிப்பார். “பாத்தியா, ரெண்டு பேரும் புத்திசாலி, ரெண்டு பேரும் பரீட்சை போச்சுன்னு உக்காந்திருக்காங்க.” இது எங்களுக்குள் ஜெபம் மாதிரி, ஒருவர் பாதி சொன்னால் மற்றவர் மீதி சொல்வது. இன்றைக்குக் காலையிலும் உப்பு ஜாடி, மிளகு டப்பா. இன்றைக்கும், என்ன செய்வ. இன்றைக்கும் தோசைக் கரண்டியோடு திரும்பிப் பார்க்காமலே, காட்டிக்கொடுத்துடுவேன். “தப்பு” என்றார். திரும்பினேன். “ரெண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டாங்க. திறந்தா ரெண்டு பேருக்கும் கஷ்டம். அதனால திறக்க மாட்டாங்க. அதுதான் விடை.” முதலில் சிரித்துவிட்டேன், கேலி என்று நினைத்து. முகத்தில் கேலி இல்லை. “ஏங்க, வருஷா வருஷம் நீங்கதானே” என்று ஆரம்பித்ததும்தான் ஜாடியைப் படாரென்று வைத்துவிட்டு அந்த வாக்கியம். நீ வாயை மூடிக்கிட்டு இருந்தா.

தோசை கருகியதைச் சுரண்டிப் போட்டுவிட்டு நெத்திலியை எடுத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்தேன். கை எதையாவது செய்துகொண்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் நகத்தைக் கடிக்கும். தலையைக் கிள்ளி, குடலை இழுத்து, சட்டியில் போடு. தலையைக் கிள்ளி, குடலை இழுத்து. எதிரே முக்காலியில் தண்ணீர்ச் செம்பில் சாய்த்துவைத்த என் கைபேசி. அதிலும் வகுப்பு ஓடுகிறது. கொரோனா காலத்தில் குரல் போய்ச் சேருகிறதா என்று பார்க்க என்னையும் ஒரு ஓரத்தில் சேரச் சொன்னார், அப்போது மகள் பெனிட்டாவின் பழைய கணக்கில் நுழைந்தவள் இன்றைக்கும் அதிலேயேதான் நுழைகிறேன், மைக் மூடி, கேமரா மூடி. அவள் புனேயில் வேலைக்குப் போய் எத்தனையோ காலமாயிற்று. கேம் தியரி வகுப்பில் மட்டும் இன்னும் பாஸாகாமல் உட்கார்ந்திருக்கிறாள். பெயர்ப் பட்டியலை விரலால் தள்ளிப் பார்த்தேன், செதில் ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் வந்துகொண்டே இருக்கிறார்கள், அறுபது பேர் இருக்கும். நடுவில் அந்தப் பெயர். செண்பகவல்லி. துறைத் தலைவி. ஒரு காலத்தில் இவருடைய மாணவி, ஆராய்ச்சிப் பட்ட வாய்மொழித் தேர்வன்றைக்கு என் கையால் பிரியாணி தின்றவள், வாயைத் துடைத்துக்கொண்டு மேடம் உங்க கைக்கு வளையல் போடணும் என்றவள், நேற்று இவருக்குப் போன் செய்து, “சார், நாளைக்கு உங்க கிளாஸ்ல சும்மா உக்காரலாமா சார், பழைய ஞாபகத்துக்கு” என்கிறாள். பழைய ஞாபகமாம். எந்தத் துறைத் தலைவி பழைய ஞாபகத்துக்காக முதல் பருவத்து வகுப்பில் வந்து உட்காருகிறாள்? பிள்ளைகள் ஏதோ சொல்லியிருக்கிறார்கள். யார் சொன்னது, என்ன சொன்னது, எத்தனை பேர் சொன்னது. இவருக்கு அது தோன்றவே இல்லை, அதுவும் பயமாக இருக்கிறது. பழைய இருதயராஜ் என்றால் போனை வைத்ததும், “இவ எதுக்கு வாரா, நாம என்ன நினைப்போம்னு இவ நினைக்கிறா” என்று நாலு தட்டுக்கு யோசித்திருப்பார். நேற்று போனை வைத்துவிட்டு, நல்ல பிள்ளை என்றார். நல்ல பிள்ளை! தலையைக் கிள்ளி, குடலை இழுத்து.

காட்டிக்கொடுப்பது எனக்குப் புதிதும் இல்லை. கான்வென்டில் ஒரு மரக்கட்டை உண்டு, கயிறு கட்டிக் கழுத்தில் தொங்கவிடுவது. தமிழில் பேசினவள் கழுத்தில் காலையில் ஏறும். அவள் இன்னொருத்தி தமிழ் பேசுவதைப் பிடித்துக்கொடுத்தால் கட்டை கைமாறும். மாலை மணி அடிக்கும்போது யார் கழுத்தில் இருக்கிறதோ அவள் முட்டிபோட வேண்டும். சிஸ்டர் ஜெர்த்ரூத் கண்டுபிடித்த விளையாட்டு, அதற்கு ஒழுக்கம் என்று பெயர். நான் அதில் கெட்டிக்காரி. கட்டை என் கழுத்தில் விழுந்தால் தோழியின் காலை மிதிப்பேன், அவள் ஐயோ அம்மா என்பாள், கட்டை போச்சு. கல்யாணமான பிறகு ஒருநாள் இதைச் சொன்னபோது இவர் சாப்பாட்டை விட்டு எழுந்து தாளில் கட்டம் போட ஆரம்பித்துவிட்டார். அடுத்த வருஷத்திலிருந்து அது பாடத்தில் சேர்ந்துவிட்டது. “யாருமே யாரையும் புடிச்சுக்கொடுக்காட்டி என்ன ஆகும்?” என்று பிள்ளைகளைக் கேட்பாராம். காலையில் விழுந்தவள் மாலை வரை சுமப்பாள், அவ்வளவுதான், ஒருத்தி மட்டும். சுமப்பது யார் என்பதுதான் பேச்சு. இப்போது கதவுக்கு அப்பால் தொண்டையைச் செருமுகிறார். செருமல் கதவு வழியாக ஒருமுறை, கொஞ்சம் பிந்திக் கைபேசி வழியாக இன்னொருமுறை. “எல்லாருக்கும் குட் மார்னிங். சாப்பிட்டாச்சா? மகாராஜன், கேமராவைப் போடுப்பா, போன தடவை நீ தூங்கினது எனக்குத் தெரியும்.” “சார், கேமரா போட்டா எங்க வீட்டு ஆடு வந்து வந்து பாக்குது சார்.” “பாக்கட்டும். அதுக்காவது பாஸ் மார்க் போடுதேன்.” சிரிப்பு. எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரும் வந்தது, மீன் கையால் துடைக்க முடியாது. இதோ, நன்றாகத்தானே இருக்கிறார். எத்தனை சரளம். நான்தான் ஒன்றுமில்லாததைப் பெரிதாக்குகிறேன், எனக்குத்தான் மாதவிடாய் நிற்கிற வயசு, தலை சுற்றுகிறது, ராத்திரி வியர்க்கிறது, எனக்குத்தான் வைத்தியம் வேண்டும். அறுபதை நெருங்குகிற ஆம்பளை ஒரு விடையை மாற்றிச் சொன்னால் என்ன, அடுத்த வீட்டு வேதியியல் பேராசிரியர் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு செனட் கூட்டத்துக்கே போய்விட்டு வந்தாரே.

ஆனால் மீன்காரி. அதை எங்கே கொண்டுபோய் வைப்பது? பேரம் பேசுவது இவருக்கு வேதம். எதிராளி சொல்கிற விலையில் அவள் மனசு தெரியும் என்பார், அவசரப்படுகிறவர் தோற்பார் என்பார், மார்க்கெட்டுக்குப் போனால் ஒரு கிலோ சீலா மீனுக்கு அரைமணி நேரம் சொற்பொழிவு, எனக்கு மானம் போகும். போன மாதம் மீன்காரி மரிய செல்வம் ஒரு விலை சொன்னாள். இவர் தலையை ஆட்டி, கண்ணைச் சுருக்கி, வழக்கம்போல் நடிப்பெல்லாம் சரியாகச் செய்து, அவள் சொன்னதற்கு மேல் ஒரு விலை சொன்னார். அவள் சிரித்தாள். “என்ன சார்வாள், நான் சொன்னதுக்கு மேல சொல்லுதிய? அம்புட்டு நல்ல மீனா?” இவர் விடாமல் இன்னும் கொஞ்சம் ஏற்றினார், விட்டுக்கொடுக்காதவர் குரலில். அவள் சிரிப்பு நின்றது. இவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். எத்தனையோ வருஷமாக என்னிடம் வாய்ச்சண்டை போட்ட மனுஷி, அன்றைக்கு ஒரு வார்த்தை பேசாமல் தான் முதலில் சொன்ன விலைக்கே மீனை நறுக்கிக் கொடுத்தாள். அந்தப் பார்வையை எனக்குத் தாங்கமுடியவில்லை, கடையை மாற்றிவிட்டேன். இந்த நெத்திலி வேறு ஒருத்தியிடம் வாங்கியது, பாதி உடைந்திருக்கிறது. அப்புறம் வாய்க்கால் பாலம். ஒரு வண்டிதான் போகலாம், அந்தப் பக்கம் ஒரு மினி பஸ் வந்தது. பஸ்காரன் போகட்டும் என்று இவர் ஸ்கூட்டரை நிறுத்தினார், இவர் போகட்டும் என்று அவன் நிறுத்தினான். அவன் கையைக் காட்டினான், இவர் கையைக் காட்டினார். பிறகு இவர் அசையவே இல்லை. பின்னால் ஹாரன், முன்னால் ஹாரன். “போங்க, ஏன் நிக்கீங்க” என்று முதுகில் தட்டினேன். “யார் முதல்ல போகணும்னு இதுல ஒரு விதி உண்டு ஹில்டா” என்றார், மெதுவாக, அந்த விதியைக் கீழே எங்கேயோ தவறவிட்டவர் மாதிரி ரோட்டைப் பார்த்துக்கொண்டு. நான் இறங்கிப் போய் பஸ்காரனிடம் வண்டி நின்றுவிட்டது என்று பொய் சொன்னேன். பொய் என்ன சுலபமாக வருகிறது. வடக்கன்குளத்தில் இவருடைய அண்ணன் சவரிமுத்துக்கு இப்படித்தான் ஆரம்பித்தது, அண்ணி மூன்று வருஷம் அவருக்குக் காது மந்தம், காது மந்தம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள், கடைசியில் நான்குவழிச் சாலையில் கிடந்தபோதுதான் காது அல்ல என்று எல்லோருக்கும் தெரிந்தது. கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது காரில் இவர் சொன்னார், “அண்ணி சொல்லியிருக்கணும். யார்கிட்டயாவது சொல்லியிருக்கணும்.” பழைய இருதயராஜ் சொன்னது அது. இன்றைய இருதயராஜ் சொல்வது வேறு. இரண்டு பேரில் யார் என் புருஷன், யாருடைய பேச்சை நான் கேட்பது?

“ஒருத்தனை டீன் ரூம்ல உக்கார வச்சாச்சு. இன்னொருத்தனை வார்டன் ரூம்ல.” சரியாகப் போகிறார். அந்த இடம் இன்னும் வரவில்லை. கட்டம் போடுகிறார், திரையில் கோடு கோணலாக ஏறுகிறது. டி.வி.க்குப் பக்கத்தில் மோடம், அதன் பச்சை விளக்கு சிமிட்டிக்கொண்டே இருக்கிறது. அதைப் பார்க்காமல் இருக்கப் பார்க்கிறேன். போன வியாழக்கிழமை, வேறு வகுப்பு, ஒரு சாதாரணக் கூட்டல், எதிர்பார்க்கும் பயன் என்பார்களே, அதைப் போடும்போது சொன்னதையே சொல்லிச் சொல்லிச் சுற்ற ஆரம்பித்தார், இசைத்தட்டில் ஊசி மாட்டிக்கொண்ட மாதிரி. எழுந்து போய் மோடத்தின் சுவிட்சை அணைத்துவிட்டேன். வகுப்பு அறுந்தது. கொஞ்ச நேரத்தில் வெளியே வந்தார், வியர்த்திருந்தார். “கரன்ட் போயிட்டுது போல” என்றார். “ஆமா, போயிட்டுது” என்றேன். எங்கள் தலைக்கு மேல் கூடத்து மின்விசிறி கடகடவென்று சுற்றிக்கொண்டிருந்தது. அவர் அண்ணாந்து அதைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பிறகு தண்ணீர் குடிக்கப் போய்விட்டார். அவருக்குத் தெரியும். எனக்குத் தெரியும் என்பதும் அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரிவதும் அவருக்குத் தெரியுமா? இதற்குக்கூட அவருடைய பாடத்தில் ஓர் அத்தியாயம் உண்டு, கடைசி அத்தியாயம், இரண்டு பேருக்கும் ஒரு விஷயம் தெரிந்திருந்தாலும் ஒருவர் சத்தமாகச் சொல்கிற வரைக்கும் ஒன்றும் நடக்காது, அவரவர் பாட்டுக்குக் காபி குடித்துக்கொண்டிருக்கலாம் என்று. அப்படியானால் இன்றைக்குக் காலையில் சொன்னது மறதிதானா? அல்லது மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து என்னிடம் கெஞ்சினாரா? இரண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டாங்க, திறந்தா ரெண்டு பேருக்கும் கஷ்டம். கெஞ்சத் தெரியாத மனுஷன் திட்டித்தான் கெஞ்சுவார். மறதி என்றால் அதைப் போலப் பயங்கரம் வேறில்லை. கெஞ்சல் என்றால், சேசுவே, அது அதைவிடப் பயங்கரம், எல்லாம் தெரிந்து அந்த அறைக்குள் தனியாக உட்கார்ந்திருக்கிறார் என்று அர்த்தம்.

வந்துவிட்டது. “அப்போ விடை என்ன? ரெண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டாங்க. அதுதான் சமநிலை. எழுதிக்கோங்க.” நெத்திலி கையிலேயே நின்றது. யாரும் கேட்கக்கூடாது மாதாவே, எல்லாம் தூங்குமூஞ்சிகளாக இருக்கட்டும், எழுதிக்கொண்டு போகட்டும், தேர்வில் தப்பாக எழுதிப் பாழாய்ப் போகட்டும், எனக்கென்ன. திரையில் ஒரு பெயருக்குப் பக்கத்தில் கேள்வி கேட்கிற மஞ்சள் கைப்படம் முளைத்தது. நஸ்ரின், காயல்பட்டினத்துப் பிள்ளை, அவள் கேள்வி கேட்டால் வகுப்பு உருப்படும் என்று இவரே போன வாரம் புகழ்ந்தார். “சார், ஒரு டவுட் சார். அவன் சொல்ல மாட்டான்னு தெரிஞ்சா, நான் சொல்லிட்டா எனக்குத் திட்டுகூடக் கிடையாதே சார்? பிறகு நான் ஏன் சார் சும்மா இருக்கணும்?” அழகாகக் கேட்டாள், பணிவாக. நான் அவள் வயதில் அப்படித்தான் கேட்டிருப்பேன், அவளைக் கன்னத்தில் அறைய வேண்டும் போல இருந்தது. “நல்ல கேள்வி” என்றார். திரையில் அவர் முகம் சின்னதாக, நெற்றிக்கு மேல் பாதி வெட்டுப்பட்டு. “நல்ல கேள்வி.” கட்டத்தைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். அந்தச் சமயத்தில் திரையின் கீழே ஒரு வரி ஏறி வந்தது, எனக்கு மட்டும் அனுப்பியது. மேடம், பெனிட்டா பேருல இருக்கிறது நீங்கதானே? செண்பகவல்லி. நான் மூச்சு விடவில்லை, மூச்சு விட்டால் அவளுக்குக் கேட்டுவிடும் என்பதுபோல். அடுத்த வரி. எப்ப இருந்து மேடம் சாருக்கு? அவ்வளவுதான் கேட்டிருந்தாள். எப்ப இருந்து. ஆக இவளுக்கும் தெரியும். பழைய ஞாபகம் என்று அவள் சொன்னது எதைத் தேடி என்று இப்போது புரிந்தது. அவளும் பொய்தான் சொல்லியிருக்கிறாள், என்னைப் போலவே, இவருக்காக. பிரியாணியைச் சொல்லிக்காட்டி நான் அவளை மனசுக்குள் ஏசினதையெல்லாம் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், பிறகு, நேரம் இருந்தால்.

“எல்லாருக்கும் குட் மார்னிங்” என்றார் இவர். “சாப்பிட்டாச்சா? பிட்டு அடிச்ச ரெண்டு பையனுங்க. ஒருத்தனை டீன் ரூம்ல.” எங்கேயோ ஒரு மைக்கில் ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது, உடனே நின்றுவிட்டது. எழுந்துவிட்டேன். சட்டி சாய்ந்து நெத்திலி தரையில் சிதறியது, விடு. இரண்டு எட்டில் மோடம். விரல் சுவிட்சின் மேல் இருக்கிறது. அழுத்தினால் முடிந்தது, கரன்ட் போயிட்டுது என்பார், ஆமா போயிட்டுது என்பேன், மத்தியானம் நெத்திலி வறுவல், நாளைக்கும் உப்பு ஜாடி மிளகு டப்பா, நானும் அண்ணியைப் போல ஒரு காது மந்தத்தைக் கண்டுபிடித்துக்கொள்ளலாம், மூன்று வருஷம் ஓட்டலாம், நான்குவழிச் சாலை எங்கள் வீட்டிலிருந்து இன்னும் பக்கம். அழுத்தாவிட்டால் அறுபது பிள்ளைகள் பார்க்க, அவருடைய நஸ்ரின் பார்க்க, மகாராஜன் வீட்டு ஆடு பார்க்க. எப்ப இருந்து மேடம். உள்ளே அவர் குரல் நின்றுவிட்டது. தாள் புரள்கிற சத்தம், கதவு வழியாக ஒன்று, கைபேசியில் ஒன்று. பிறகு, நான் கேட்டறியாத ஒரு குரலில், சின்னப் பையன் குரலில் என்று சொல்லமாட்டேன், நல்ல வளர்ந்த மனுஷனின் மரியாதையான குரலில், முன்பின் தெரியாத ஊரில் வழி கேட்பதுபோல், “நான் எங்க விட்டேன்? யாராவது சொல்லுங்கப்பா” என்றார். அறுபது பெயர்கள், அறுபது மூடிய மைக்குகள். யாராவது ஒருத்தர் பேசினால் போதும். நஸ்ரின் பேசட்டும் என்று மகாராஜன் இருப்பான். துறைத் தலைவி இருக்கிறாரே என்று நஸ்ரின் இருப்பாள். வீட்டுக்காரி இருக்கிறாளே என்று செண்பகவல்லி இருப்பாள். அவள் பேசட்டும், துறைத் தலைவிதானே, படித்தவள்தானே, அவள் பேசட்டும் என்று நான் இருக்கிறேன். இப்படியே ஒவ்வொருவரும் இன்னொருவரை நம்பி மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, நடுவில் அவர் ஒருவர் மட்டும், அத்தனை பேர் முகத்துக்கும் முன்னால், காத்திருக்கிறார். சுவிட்சிலிருந்து கையை எடுத்தேன். நைட்டியில் இரண்டு கையையும் அழுத்தித் துடைத்தேன். கைபேசியை எடுத்தேன், மைக்கில் விரல் வழுக்கி வழுக்கி, ஒரு தடவை, இன்னொரு தடவை, சிவப்புக் கோடு மறைந்தது. பெனிட்டா என்ற பெயரைச் சுற்றிப் பச்சை வளையம் வந்துவிட்டது, என் மூச்சுக்கே வந்துவிட்டது, எல்லோரும் பார்த்திருப்பார்கள். “ஏங்க” என்றேன். என் குரல் கதவுக்கு உள்ளே அவருடைய கணினியிலிருந்து ஓர் அந்நியப் பெண்ணின் குரலாக வெளியே வந்தது. “ஏங்க, நான் ஹில்டா.” நாற்காலி அசையவில்லை. திரையில் கண்ணாடியில்லாத அந்த முகம் பக்கவாட்டில் திரும்பி, குரல் வந்த இடத்தைத் தேடி, சுவரைப் பார்த்தது. கதவருகே போய் நெற்றியை வைத்துக்கொண்டு, கைபேசியை வாய்க்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு, அறுபது பேருக்கும் கேட்கட்டும் என்று மறுபடி சொன்னேன். “பாடம் போதும்ங்க. எல்லாருக்கும் தெரியும், ஒண்ணும் இல்ல. எந்திரிச்சு வெளிய வாங்க.”